வெளியே தெரியாத பக்கம்

"இதை யாரு வெட்டினது?"

வெரோனிகா கேட்டது யாரையும் பார்த்து அல்ல. கையில் அவளுடைய கூறைப்புடவை இருந்தது. அரக்கு நிறக் காஞ்சிபுரம், மாம்பழ மஞ்சளில் கரை. காலையிலிருந்து வாசல் கொடியில் காற்றாடிய புடவையை மடித்து வைக்கலாம் என்று பழைய நடுமடிப்பில் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்தாள். சேரவில்லை. உதறிவிட்டு மறுபடி பிடித்தாள். முந்தானைப் பக்கம் நீண்டு தொங்கியது. இடுப்பில் சொருகும் உள்முனை ஒரு முழம் முன்னாலேயே நின்றுவிட்டது. நூல் பிரியாமல் இருக்க அந்த முனையை மடித்து அவளே பொடியாகத் தைத்திருந்தாள், கல்யாணத்துக்கு முந்தின வாரம். அந்தத் தையலைக் காணவில்லை. அந்த இடத்தில் புதிதாக ஒரு வெட்டு.

"இன்னா டீச்சரம்மா," என்றாள் கன்னியம்மா. நொச்சிக்குப்பத்திலிருந்து நாள் தவறாமல் மீன் கொண்டுவருகிறவள். கூடையை வாசற்படியில் இறக்கி வைத்திருந்தாள். "எம்மா நேரமா கூவிக்கினு கீறேன், காதுல வுழலயா? நெத்திலி வேணுமா வேணாமா?"

"கன்னியம்மா, இங்க வந்து இதைப் பாரு."

"கையெல்லாம் கவுச்சி. தொடமாட்டேன், சொல்லு."

"தொடவேண்டாம். பாத்தாப் போதும். என்ன இது?"

கன்னியம்மா கழுத்தை நீட்டிப் பார்த்தாள். "எலி."

"எலி ஸ்கேல் வச்ச மாதிரி நேரா கடிக்குமா?"

"உங்க வூட்டு எலி படிச்ச எலி, டீச்சரம்மா."

வெரோனிகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்டின ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரு சாண் போனால் ஒரு பிசிறு, இன்னும் ஒரு சாண் போனால் அதே மாதிரி இன்னொரு பிசிறு. அவள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். அவளுடைய பெரிய கத்தரிக்கோலின் ஒரு அலகில் பொக்கை விழுந்திருந்தது. ஏதோ ஒரு பெண் அதை வைத்துத் தகரத்தை வெட்டிப் பார்த்ததன் பலன். அன்றிலிருந்து அந்தக் கத்தரிக்கோல் எதைக் கடித்தாலும், ஒவ்வொரு கடிக்கும் ஒரு நூலைக் கவ்வி இழுத்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகும்.

"எலி இல்ல கன்னியம்மா," என்றாள். "பெருச்சாளி. பின்கட்டுல இருக்கு."

பின்கட்டில் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

வெரோனிகாவின் புருஷன் பிலிப்பின் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள், காலைப் பூசை முடிந்து வந்ததும், வீட்டுப் பெண்கள் அவரவர் கூறையை வெளியே எடுத்துக் காற்றாட விடுவார்கள். பழைய மடிப்பிலேயே கிடந்தால் பட்டு இற்றுவிடும் என்று மடிப்பை மாற்றி, பாச்சை உருண்டை போட்டுத் திரும்ப உள்ளே வைப்பார்கள். சாந்தோம் கடற்காற்றின் ஈரத்துக்காக என்று வெளியே சொல்வது. உள்ளே இருக்கும் காரணம் வேறு. அந்த வீட்டுப் பெண்கள் கூறையோடு வந்து கூறையோடு போகிறவர்கள். தாலியோடு சேர்த்து ஃபாதர் மந்திரித்துக் கொடுத்த அதே புடவையைத்தான் கடைசியில் பெட்டியில் படுக்கவைக்கும்போதும் கட்டிவிடுவார்கள். மாமியார் பெரியநாயகத்துக்கு வெரோனிகாதான் கட்டிவிட்டாள். ஆண்களுக்குக் கல்யாணக் கோட்டு. வெரோனிகாவின் கூறையும் பிலிப்பின் நீலக் கம்பளிக் கோட்டும் ஒரே டிரங்குப் பெட்டியில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

அந்த வருஷம் ஐப்பசி மழை ஒரு நாள் விட்டு, வெயில் எட்டிப் பார்த்தது. நல்ல வேளை என்று நினைத்துத்தான் புடவையை வெளியே எடுத்திருந்தாள்.

பின்கட்டுக்குப் போனாள். கன்னியம்மாவும் கூடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பின்னாலேயே வந்தாள்.

பிலிப் துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. நாள் முழுக்கப் பேனா பிடிக்கிற கை வீட்டுக்கு வந்தால் சும்மா இருக்காது. ரேடியோ செய்தான், அது கொரகொரவென்று இரைந்ததே தவிர ஒரு நாளும் பாடவில்லை. கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டி செய்தான், முட்டை வெந்துவிட்டது. இப்போது அச்சு யந்திரம். மவுண்ட் ரோடு நூலகத்தில் எடுத்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்றைப் படித்துவிட்டு, கோயில் சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று, "கிறிஸ்துமஸ் பவனிக்குத் தெரு முழுக்கக் கட்டற தோரணக் கொடியை வெளிய குடுக்கவேண்டாம். நட்சத்திரம் போட்டு நானே வீட்டில அச்சடிச்சுத் தர்றேன்," என்று சொல்லிவிட்டு, எல்லோரும் கைதட்ட உட்கார்ந்தான். பையன்கள் இருவரும் திருச்சியில் விடுதியில் படித்ததால் அவர்களுடைய கட்டில் சும்மா கிடந்தது. முதலில் அது போயிற்று.

கட்டிலின் சட்டத்தை அறுத்து ஒரு சதுரச் சட்டம். இரண்டு ஸ்டூலின்மேல் பழைய கதவு ஒன்றைப் படுக்கவைத்து, அலமாரிக் கீல் இரண்டைப் போட்டு, பெட்டி மூடி மாதிரி திறந்து மூடும்படி சட்டத்தை அதில் பொருத்தியிருந்தான். அறுந்த ரப்பர் செருப்பை வெட்டி மரப்பிடியில் சொருகியது மை இழுக்கிற பட்டை. சட்டத்தில் ஒரு துணியை மத்தளம் மாதிரி இழுத்துக் குட்டி ஆணி அடித்திருந்தான். அரக்கு நிறத் துணி. அடியில் விரிக்கிற கொடியில் துணி வழியாக இறங்கவேண்டிய நீல மை, அதன்மேல் குளம் கட்டி நின்றது.

"கிட்ட வராதே வெரோ. மை ஒட்டிக்கும்."

"வரலை. இங்கிருந்தே தெரியுது."

பிலிப் நிமிர்ந்தான். அவள் கையிலிருந்த புடவையைப் பார்த்தான். ரப்பர் பட்டையைக் கீழே வைத்தான்.

"சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"எப்போ?"

"முதல் கொடி நல்லா விழுந்ததும். அதைக் காட்டிட்டுச் சொல்லலாம்னு."

"விழுந்துதா?"

"இன்னும் இல்ல. மை இறங்கமாட்டேங்குது. மண்ணெண்ணெய் ஊத்தி இளக்கிப் பாத்துட்டேன், அப்பவும்..."

"மண்ணெண்ணெயா? ரேஷன் கடையில நான் கால் கடுக்க நின்னு வாங்கினதா?"

பிலிப் மண்ணெண்ணெய் டின்னைக் காலால் ஸ்டூலுக்கு அடியில் தள்ளினான்.

"மிஸ்டர் பிலிப்," என்றாள் வெரோனிகா. கோபம் தலைக்கேறினால் அவளுக்குப் புருஷன் மிஸ்டராகிவிடுவான். "கூறையை எதுக்கு வெட்டினீங்க?"

"சில்க்குதான் கட்டணும்னு புஸ்தகத்துல போட்டிருக்கு வெரோ. படம்கூட இருக்கு."

"எங்க, காட்டுங்க. வெரோனிகாவோட கூறைன்னு போட்டிருக்கான்னு பாக்கறேன்."

"நம்ம வீட்டில வேற பட்டு ஏது?"

"கடையில இல்லையா?"

"ஒரு முழத்துக்காகப் போய்ப் பட்டு வாங்குவாங்களா?"

"சரி, வாங்கவேண்டாம். என்னைக் கேட்டிருக்கலாமே."

"கேட்டா குடுத்திருப்பியா?"

"குடுத்திருக்கமாட்டேன்."

"அதான்."

அந்த ஒரு சொல்லில்தான் அவளுக்கு உடம்பெல்லாம் பற்றியது. அதுவரை துணிக்காகக் கோபப்பட்டுக்கொண்டிருந்தாள். இப்போது புரிந்தது. இவன் கேட்காமல் இல்லை. மனசுக்குள் கேட்டிருக்கிறான், முடியாது என்று அவள் சொல்வதைக் கேட்டும் இருக்கிறான், அதை ஓரமாக ஒதுக்கிவைத்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்திருக்கிறான்.

"அதானா? அப்போ என் பதில் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுதான் வெட்டினீங்க. என் கத்தரிக்கோலாலயே."

"இப்ப என்ன ஆயிடுச்சுன்னு இந்தக் குதி குதிக்கிறே? முந்தானையையா வெட்டினேன், கரையையா வெட்டினேன்? உள்ளே சொருகற முனை. வெளிய தெரியாத பக்கம்." அதோடு நிறுத்தியிருக்கலாம். பிலிப்புக்கு நிறுத்தத் தெரியாது. "நீ இனிமே இதைக் கட்டப்போறது ஒரே ஒரு தரம். அப்போ எவன் வந்து முழம் போட்டுப் பாக்கப்போறான்? படுத்துக்கிட்டுத்தானே இருப்பே."

பின்கதவில் சாய்ந்து நின்ற கன்னியம்மாதான் வாயைத் திறந்தாள்.

"ஐய, நைனா. நல்ல நாளும் அதுவுமா இன்னா பேச்சு பேசறே நீ. போய் வாயைக் கொப்புளி."

"நீ மீனை வித்துட்டுப் போ," என்றான் பிலிப்.

"எங்க விக்கறது. சமைக்கறவ மூஞ்சியைப் பாரு."

வெரோனிகா புடவையைத் தோளில் போட்டுக்கொண்டாள். குரலை இறக்கினாள். வகுப்பில் அவள் குரலை இறக்கினால் பெண்கள் ஊசியைக் கீழே வைத்துவிடுவார்கள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. உன்னைக் கேட்டிருக்கணும்னு சொல்லுங்க. அது போதும் எனக்கு. துணி போனது போகட்டும்."

"சின்ன விஷயத்தை ஊதி ஊதிப் பெரிசாக்காதே வெரோ."

"சொல்லமாட்டீங்க."

"சாயங்காலம் வில்லியம் வர்றான். அவன் பாத்து ஏதாவது வழி சொல்லுவான். ஞாயித்துக்கிழமை சபையில காட்டறேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"எனக்குத் துண்டு வேணும். கழட்டிக் குடுங்க."

"வில்லியம் பாத்துடட்டும்."

"அப்ப நானும் தொடமாட்டேன். அடிச்ச கைதான் கழட்டணும்."

வில்லியம், பிலிப்போடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். தியாகராய நகரில் ஜவுளிக்கடைகளுக்குப் போர்டு எழுதுகிறான். பெயின்ட் கறையில்லாத சட்டை ஒன்றுகூட அவனிடம் கிடையாது. சாயங்காலம் வந்தவன் யந்திரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தான், கீலைத் திறந்து மூடினான், "சட்டம் நல்லா உக்காந்திருக்கு மச்சி," என்றான். அப்புறம் துணியை விரலால் சுண்டினான். ஈயப் பாத்திரம் மாதிரி சத்தம் வந்தது.

"டேய், இது என்னடா, காஞ்சிபுரம் மாதிரி இருக்கு?"

"சில்க்குடா."

"கொஞ்சம் தண்ணி கொண்டா."

மை படாத மூலையில் இரண்டு சொட்டு விட்டான். இரண்டும் முத்து மாதிரி உருண்டு நின்றன. வில்லியம் சிரிக்க ஆரம்பித்தான். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தான்.

"தண்ணியே இறங்கலை, மை எப்படிடா இறங்கும்? மண்ணெண்ணெய் இல்ல, பெட்ரோல் ஊத்தினாலும் இறங்காது. புஸ்தகக்காரன் சொன்ன சில்க் வேற மச்சி. அது சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கும். உனக்கு அதுகூட வேண்டாம். ஆர்கண்டி, அந்த மெல்லிசு பருத்தித் துணி, வாங்கிக் கட்டு, போதும். பாண்டி பஜார் பிளாட்பாரத்துலயே கிழிச்சுத் தருவான்."

"ஆர்கண்டியா?"

"ஆமா. எங்க ஏரியாவில எல்லாப் பயலும் அதைத்தான் கட்டறான். இந்த மாதிரி பட்டை எவனாவது... எங்கடா வாங்கினே இதை?"

காப்பி டம்ளரோடு வெரோனிகா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். "சொல்லுங்க. எங்க வாங்கினதுன்னு வில்லியம் அண்ணனுக்குச் சொல்லுங்க."

பிலிப் கீலைத் திறந்தான், மூடினான்.

"காஞ்சிபுரத்துல வாங்கினது அண்ணே. என் மாமியார் போய் வாங்கிட்டு வந்தது. கோயில்ல மந்திரிச்சு எனக்குக் குடுத்தது."

வில்லியத்தின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. சுண்டின விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். "ஐயோ அண்ணி," என்றான். காப்பியைச் சூட்டோடு சூடாகக் குடித்தான். போகும்போது ஏதாவது நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போகவேண்டும் என்பதற்காக, "பலகை மேடும் பள்ளமுமா இருக்கு மச்சி. துணியில அடிக்கறதுன்னா அடியில கம்பளி மாதிரி மெத்துனு ஏதாவது விரிச்சுக்க. மை சீரா விழும்," என்றான்.

அவன் போனதும் பிலிப் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். துண்டைக் கொண்டுவந்து நீட்டினான். சுற்றிலும் ஆணி ஓட்டை. நடுவில் உள்ளங்கை அளவுக்கு நீலக்கறை.

"இந்தா."

"அவ்வளவுதானா?"

"கழட்டச் சொன்னே, கழட்டிட்டேன். வேற என்ன பண்ணணும்?"

பிளாட்பாரத்து ஆர்கண்டி போதுமாக இருந்த வேலை. அதற்காக. வெரோனிகா அந்தத் துண்டைப் புடவைக்குள் வைத்து மடித்துப் பெட்டியில் போட்டு, மூடியை வேகமாகச் சாத்தினாள். ராத்திரி முழுக்க மழை. அந்தச் சத்தத்தில் பிலிப் நன்றாகத் தூங்கினான். அதுவும் அவளுக்கு ஆகவில்லை.

மறுநாள் கல்லறைத் தோட்டத்தில் கால் வைக்க இடமில்லை. சேறும் செவ்வந்திப் பூவுமாகக் கிடந்தது தரை. புதுச் சுண்ணாம்பு அடித்த சிலுவைகளில் மழை வழிந்து கோடு போட்டிருந்தது. காற்றில் மெழுகுவர்த்தி நிற்காமல், ஆளுக்கொரு கையைக் குவித்துக்கொண்டு குனிந்திருந்தார்கள். அடையாறிலிருந்து பிலிப்பின் தங்கை ஃப்ளோரன்ஸ் பூவோடு முன்னாலேயே வந்து அம்மாவின் கல்லறையில் நின்றாள்.

அந்தக் குடும்பம் கல்லறையில் ஜெபம் முடிந்ததும் வீட்டுச் செய்தியையும் சொல்லிவிட்டுத்தான் கிளம்பும். யார் பாஸ் செய்தது, யாருக்குக் குழந்தை பிறந்தது, எந்த வீட்டை விற்றார்கள் என்று போனவர்களுக்குச் சொல்ல வேண்டாமா. வழக்கமாக ஃப்ளோரன்ஸ்தான் சொல்வாள். அன்றைக்கு அவள் வாயைத் திறக்குமுன் வெரோனிகா ஆரம்பித்துவிட்டாள்.

"அத்தை. பெரியவன் பத்தாவது பாஸ் பண்ணிட்டான். சின்னவன் கணக்குல கோட்டை விட்டுட்டான். கிணத்துல தூர் எடுத்தாச்சு. அப்புறம், உங்க மகன் என் கூறையை வெட்டிட்டார்."

பக்கத்துக் கல்லறையில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர்களின் குரல் தணிந்தது.

"வெரோ," என்றான் பிலிப். "மெதுவா பேசு."

"வயசானவங்க காது. மெதுவா சொன்னா கேக்காது." திரும்பிக்கூடப் பார்க்காமல் தொடர்ந்தாள். "நீங்க காஞ்சிபுரத்துக்கு நடையா நடந்து கொண்டுவந்த கூறை அத்தை. கொடி அடிக்கற யந்திரத்துல கட்டறதுக்காக வெட்டினார். அதுல கட்டியும் உதவலை. ஏன் என்னைக் கேக்கலைன்னா, கேட்டா குடுக்கமாட்டேனாம். வெளிய தெரியாத பக்கம்தானேங்கறார். படுத்திருக்கறவளை எவன் முழம் போட்டுப் பாப்பான்னு கேக்கறார்."

"அண்ணா," என்றாள் ஃப்ளோரன்ஸ். "நீ இப்படியா சொன்னே?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னது."

"உங்களுக்கு நான்தானே கட்டிவிட்டேன் அத்தை. ஒரு முழம் குறைஞ்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதா? பாக்க வந்தவங்களுக்குத் தெரியாது. கட்டிவிடற கைக்குத் தெரியும். நாளைக்கு எனக்கு எவ கட்டிவிடறாளோ, அவ கொசுவத்தைப் பிடிச்சுக்கிட்டு, என்னடா இது பத்தலையேன்னு நிப்பா. பிணத்தைக் கேக்க முடியுமா?"

ஜெபமாலைக்காரர்கள் ஜெபத்தையே நிறுத்திவிட்டார்கள்.

ஃப்ளோரன்ஸ் அவள் முழங்கையைப் பிடித்தாள். "அண்ணி, விடுங்க. நீங்க தையல் டீச்சர். வெட்டின துண்டு இருக்கும்ல. தெரியாம சேத்துத் தைச்சிட்டா ஆச்சு."

"அவர் எனக்குத் தெரியாம வெட்டுவார், நான் ஊருக்குத் தெரியாம தைக்கணுமா? தைக்கமாட்டேன் ஃப்ளோரன்ஸ். ரெண்டு துண்டாத்தான் போவேன். பெட்டியில வைக்கும்போது துண்டை என் கையில குடுங்க."

"கல்லறைத் தோட்டத்துல நிக்கவச்சு மானத்தை வாங்கிட்டே," என்றான் பிலிப். முகம் கறுத்திருந்தது. "ஒரு முழத் துணிக்காக."

இங்கேயும், அம்மாவின் தலைமாட்டில் நின்றுகொண்டும், அதைத்தான் சொன்னான். ஒரு முழத் துணி.

அதற்குள் ஃபாதர் ஒவ்வொரு கல்லறையாக மந்திரித்துக்கொண்டு வந்துவிட்டார். எல்லோரும் தலை குனிந்தார்கள். தீர்த்தம் தெளித்தபோது வெரோனிகாவின் நெற்றியிலும் இரண்டு சொட்டு விழுந்தது. சிலுவை போட்டுக்கொண்டாள். அது யாரையோ அறைவது மாதிரி இருந்தது.

வீடு வந்து சேர்ந்தார்கள். வந்ததும் அவள் நேராகப் பெட்டியைத் திறந்தாள். கூறையை எடுத்து ஓரமாக வைத்தாள். அடியில் கிடந்த நீலக்கோட்டை எடுத்து, உதறி, சாப்பாட்டு மேஜையின்மேல் குப்புறப் போட்டாள். தையல் பெட்டியிலிருந்து சாக்குக் கட்டியை எடுத்து முதுகில் நீளமாக ஒரு கோடு போட்டாள்.

"என்ன பண்றே?"

"கம்பளி விரிக்கணும்னாரே வில்லியம் அண்ணன்."

"அது என் கல்யாணக் கோட்டு."

"தெரியும்." குறுக்கே ஒரு கோடு.

"அப்பா கோட்டோடதான் போனார். நானும் அதைத்தான்... வெரோ, வேணும்னா கடையில போய் ஒரு போர்வை வாங்கிட்டு வர்றேன்."

"ஒரு முழத்துக்காகப் போய்ப் போர்வை வாங்குவாங்களா?" இன்னொரு கோடு. "பயப்படாதீங்க. காலரைத் தொடமாட்டேன். பட்டன், பாக்கெட் எல்லாம் வச்சது வச்சபடி இருக்கும். முதுகு மட்டும்தான். வெளிய தெரியாத பக்கம். படுத்துக்கிட்டுத்தானே இருப்பீங்க."

பிலிப் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

வெரோனிகா கத்தரிக்கோலைக் கையில் எடுத்தாள். "நான் உங்களை மாதிரி இல்ல. கேக்கறேன் பாருங்க. வெட்டட்டுமா?"

"வேண்டாம்."

"அதான்," என்று சொல்லிவிட்டு வெட்டினாள்.

கனத்த கம்பளி. கத்தரிக்கோல் முனகிக்கொண்டே போயிற்று. ஒவ்வொரு கடிக்கும் அந்தப் பொக்கை ஒரு நூலைக் கவ்வியது. அவள் இழுத்து விடுவித்துக்கொண்டு மேலே போனாள். பிலிப் எட்டிப் பிடுங்கியிருக்கலாம். பிடுங்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, தன் முதுகு மேஜையை விட்டுப் பிரிந்து வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான்காவது பக்கமும் வெட்டி முடித்ததும் துண்டை எடுத்து அவன் மடியில் போட்டாள்.

"இந்தா. விரிச்சுக்குங்க."

மிச்சக் கோட்டை மடித்தாள். முன்பக்கம் மட்டும் தெரியும்படி மடித்தால் ஒன்றுமே தெரியவில்லை, முழுக் கோட்டு மாதிரிதான் இருந்தது. பெட்டியில் வைத்து, அதன்மேல் கூறையை வைத்து மூடினாள். இப்போது கோபம் இறங்கியிருக்கும் என்று நினைத்தாள். இறங்கவில்லை. பட்டின்மேல் நின்ற மை மாதிரி மேலேயே நின்றது.

சனிக்கிழமை பிலிப் தியாகராய நகர் போய் ஆர்கண்டி வாங்கிவந்தான். வெரோனிகா அடுப்படியிலிருந்து பார்த்தாள், எதுவும் கேட்கவில்லை. கோட்டின் முதுகைக் கதவுப் பலகையின்மேல் இழுத்து ஆணி அடிக்கிறான் என்று சத்தத்திலேயே தெரிந்தது. அப்புறம் சத்தம் இல்லை. கூடத்தில் காலடி. தையல் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

மெஷின்மேல்தான் கத்தரிக்கோல் இருந்தது. கை நீட்டினால் எட்டுகிற இடம். எடுத்தால் அவள் பார்க்கப்போவதும் இல்லை. அவளுக்கு முதுகுப்பக்கம் அது. வெரோனிகா வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். அலகு மெஷின் பலகையில் உரசும் சத்தம் வரும் என்று காத்திருந்தாள். வந்தால் என்ன செய்வது என்பதையும் முடிவு செய்திருந்தாள். அவன் சட்டத்தையும் பலகையையும் அடுப்பில் வைப்பது. விறகுக்கு ஆகும்.

சத்தம் வரவில்லை. காலடி அடுப்படி வாசலுக்கு வந்தது.

"வெரோ."

"என்ன?"

"ஆர்கண்டி வெட்டணும்." கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான், வெளியே நிற்கச் சொன்ன பையன் மாதிரி. "உன் கத்தரிக்கோல் எடுத்துக்கட்டுமா?"

அவள் ஒரு வெங்காயத்தை முழுக்க உரித்துத் தட்டில் வைத்தாள். அவன் அதுவரைக்கும் நின்றான்.

"கூடாது," என்றாள்.

"சரி," என்றான் பிலிப். அங்கேயே இன்னும் கொஞ்சம் நின்றான். பிறகு திரும்பிப் போனான்.

முகச்சவர பிளேடைத் தேடி எடுத்தான் போலிருக்கிறது. சரக், சரக் என்று பின்கட்டில் துணி கோணல்மாணலாகக் கிழிபடும் சத்தம் கேட்டது. ஒரு தரம் விரலை அறுத்துக்கொண்டு "ஸ்" என்றான். அவள் போகவில்லை. சாயங்காலம் ரப்பர் பட்டை இழுபடும் சத்தம், கீல் கிறீச்சிட்டுத் திறக்கும் சத்தம், அதன்பின் நெடுநேரம் ஒன்றுமில்லை. "விழுந்துடுச்சு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற குரல். அதற்கும் அவள் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசல் கொடியில், கூறை காற்றாடிய அதே இடத்தில், வெள்ளைத் துணிகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றிலும் வால் வைத்த நீல நட்சத்திரம். ஓரங்கள் கொஞ்சம் கோணல். ஆனால் மை சீராக விழுந்திருந்தது.

கன்னியம்மா கூடையை இறக்கினாள். "கொடி ஷோக்காக் கீதே. நைனா பண்ணதா?"

"என் கத்தரிக்கோல் இல்லாம பண்ணது."

"கோவம் போச்சா உனக்கு?"

"இல்ல. நெத்திலி போடு."

கன்னியம்மா அள்ளி அள்ளித் தட்டில் போட்டாள். போட்டுக்கொண்டே பின்கட்டுப் பக்கம் தலையை ஆட்டினாள். "அந்த எலி இன்னா பண்ணுது இப்ப?"

"கேட்டுட்டுக் கடிக்க வருது."

"கடிக்க வுட்டியா?"

"விடலை," என்றாள் வெரோனிகா. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.